வும்பினியின் இடது கால்

செவ்வாய்க்கிழமை மாலைப் பயிற்சி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது வும்பினி ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் புல்லில் உட்கார்ந்தான். யாரும் அவனை இடிக்கவில்லை. பந்துகூட அப்போது மைதானத்தின் அந்தப் பக்கம் இருந்தது. இடது கால் பூட்ஸைக் கழற்றித் தூர வீசினான்.

செனாம் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தேசிய அணிக்குப் பிசியோதெரபிஸ்டாக வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அதுவரை ஹோ நகரத்து மருத்துவமனை ஒன்றில் இடுப்பு உடைந்தவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் கைபிடித்து நடக்கவைத்துக்கொண்டிருந்தாள். அணியின் டாக்டர் அவள் வேலையை எங்கோ பார்த்துவிட்டு, அடாவில் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டி நடந்த இந்த முகாமுக்குக் கூப்பிட்டிருந்தார்.

"எங்க இழுத்துச்சு? தொடையா, கெண்டைக்காலா?"

"இழுக்கல சிஸ்டர். கட்டவிரல். நெருப்பு வெச்ச மாதிரி எரியுது."

காலுறையின் நுனியில் ரத்தம். உருவிப் பார்த்தாள். கட்டைவிரல் நகம் கறுத்துப் பாதி பெயர்ந்து நின்றது. அணிக்குப் புது பூட்ஸ் கொடுத்து நான்கு நாள் ஆகிறது. பச்சை நிறம், பக்கவாட்டில் தங்கக் கோடு. மற்றவர்களுக்கெல்லாம் சரியாக இருந்தது. வும்பினிக்கு மட்டும் அரை அளவு சின்னது. பட்டியலில் யாரோ தப்பாக எழுதியிருந்தார்கள்.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன். ஃபோட்டோ எடுக்கற வரைக்கும் பொறுத்துக்கோன்னாங்க."

அவள் தோளில் கைபோட்டு ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு அவன் வெளியேறினான். ஞாயிற்றுக்கிழமை அக்ராவில் மாலி அணியோடு தகுதிச் சுற்று ஆட்டம். கடந்த நான்கு ஆட்டங்களில் அணி அடித்த ஏழு கோலில் ஐந்து இவன் அடித்தது. கம்பிவேலிக்கு வெளியே தென்னை மரங்களுக்கு அடியில் நின்றிருந்தவர்கள் கைபேசிகளை உயர்த்திப் பிடித்தார்கள்.

சிகிச்சை அறையில் அவனைக் கட்டிலில் படுக்கவைத்து, விரலை மரத்துப்போகச் செய்து நகத்தை எடுத்தார் டாக்டர். செனாம் கட்டுப் போட்டாள். வும்பினி துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கெழம ஆடுவேனா?"

"வெள்ளிக்கெழமையே ஓடலாம். உன் காலுக்கேத்த பூட்ஸ் கெடச்சா."

அவன் சிரித்த நேரத்தில் க்வான்சா உள்ளே வந்தார். கால்பந்துச் சங்கத்தின் செய்தித் தொடர்பு அதிகாரி. எந்த நேரத்திலும் இஸ்திரி மடிப்புக் கலையாத மனிதர். காலைப் பார்த்தார், தரையில் கிடந்த பச்சை பூட்ஸைப் பார்த்தார், பிறகு போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

"இந்த ரூமை விட்டு ஒரு வார்த்த வெளிய போகக் கூடாது."

"நகம்தானே சார்," என்றாள் செனாம். "சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு."

"நகம் ஏன் போச்சுன்னு கேப்பாங்க. பூட்ஸ்னு சொல்லுவீங்களா? அந்தக் கம்பெனியோட மூணு வருஷ ஒப்பந்தம். மை காயல இன்னும்." கதவருகே போனவர் திரும்பினார். "உங்க தம்பி எந்த ரேடியோவுல இருக்கான்னு சொன்னீங்க?"

"நான் சொல்லலயே."

"ஆமாம். நீங்க சொல்லல," என்றார் அவர்.

அந்த வாக்கியத்தை அவர் சொன்ன விதம் செனாமுக்குப் பிடிக்கவில்லை. தம்பி எலிக்கெம் அக்ராவில் 'முதல் விசில்' என்ற காலை விளையாட்டு நிகழ்ச்சியை நடத்துகிறவன். ட்ரோட்ரோ வேன் ஓட்டுகிறவர்கள், மீன் வறுக்கிறவர்கள், அமைச்சர்கள் எல்லோரும் கேட்கிற நிகழ்ச்சி. அதை அவள் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை சாப்பாட்டுக் கூடத்தில் சமையல்காரம்மாவின் வானொலி அலறிக்கொண்டிருந்தது. எலிக்கெமின் குரல். வேலிக்கு வெளியே எடுத்த பதினோரு வினாடி வீடியோ ராத்திரிக்குள் நாடு முழுக்கச் சுற்றிவிட்டிருந்தது.

"நொண்டறாரே, அந்த நொண்டல கவனிங்க! குதிகால தரையில வெக்கவே இல்ல. குதிகால் நரம்பு அறுந்தவன்தான் இப்படிப் போவான். ஆறு மாசம்! ஆறு மாசம் வும்பினி இல்ல, மக்களே!"

"அது நரம்பில்ல, தசைநார்," என்று செனாம் முணுமுணுத்தாள். பக்கத்து மேசையில் கோல்கீப்பர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

நேயர்கள் தொலைபேசியில் வரிசையாக வந்தார்கள். மாலிக்காரர்கள் ஏதோ செய்து மைதானத்தில் புதைத்துவிட்டதாக ஒருவர் சத்தியம் செய்தார். கால் வலி எல்லாம் நாடகம், ஜெர்மனியில் அவன் ஆடும் கிளப் 'போய்ப் படுத்துக்கொள்' என்று சொல்லியனுப்பியிருக்கிறது என்றார் இன்னொருவர். கோச்சுக்கும் அவனுக்கும் கைகலப்பு என்றது ஒரு குரல். ஒரு போதகர் வானொலிப் பெட்டியின் மேல் எல்லோரும் கைவையுங்கள் என்று சொல்லி அந்தக் காலுக்காக ஜெபித்தார். சமையல்காரம்மா நிஜமாகவே கைவைத்தாள்.

பத்து மணிக்கு க்வான்சா அறிக்கை விட்டார். இரண்டே வரி. 'வும்பினி நலமாக இருக்கிறார். மருத்துவக் கண்காணிப்பில் இருக்கிறார்.' அடுத்த ஒரு மணி நேரம் நாடு 'கண்காணிப்பு' என்ற சொல்லைப் பிய்த்துப் போட்டது. நலமாக இருப்பவனை எதற்குக் கண்காணிக்க வேண்டும்?

அதற்குப் பிறகுதான் ஐஸ் விவகாரம். முகாமின் ஐஸ் மெஷின் திங்கட்கிழமையே கெட்டுப்போயிருந்தது. பயிற்சி முடிந்ததும் ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஐஸ் நீர்த் தொட்டியில் உட்கார வேண்டும். அதற்காக செனாம் தினமும் டிரைவரை அடா மார்க்கெட்டில் இருந்த ஐஸ்மீன் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு நிருபர் அந்தக் கடைக்காரியைப் பிடித்துவிட்டார்.

"எத்தன மூட்ட வாங்கினாங்க?"

"பன்னண்டு."

"பன்னண்டு மூட்டையா! ஒரு காலுக்கா?"

"எனக்கென்ன தெரியும். அவசரம் அவசரம்னான் டிரைவர். மீனக்கூட இறக்கி வெச்சிட்டுக் குடுத்தேன்."

பகல் பன்னிரண்டு மணிக்கு எலிக்கெம் கூப்பிட்டான். செனாம் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று எடுத்தாள்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்த. ஆமாவா, இல்லயா?"

"காய்ச்சல் விட்டுச்சாடா உனக்கு? மாத்திரைய முழுசா சாப்பிட்டியா?"

"காய்ச்சல விடு. குதிகாலா?"

"நான் வேலையில இருக்கேன்."

"குதிகால் இல்லன்னா இல்லன்னு சொல்லியிருப்ப."

"எதுவும் சொல்ல மாட்டேன். சொன்னா என் வேல போயிடும்."

"அப்ப சொல்றதுக்கு ஏதோ இருக்கு!"

"எலிக்கெம், எதையும் என் தலையில கட்டாத. நான் எதுவும் சொல்லல. அம்மாவ ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறது யாருன்னு மட்டும் பேசு."

அதையும் இதையும் பேசி நான்கு நிமிடம் ஆனது. அரை மணி கழித்து வானொலியில் அவன் குரல் தாழ்ந்து வந்தது. "முகாமுக்கு மிக நெருக்கமான ஒருத்தர்கிட்ட நானே நேரடியாப் பேசினேன். பேர் சொல்ல முடியாது. அவங்க மறுக்கல."

செனாம் கையில் இருந்த ஐஸ் வாளியைக் கீழே வைத்தாள். கூடத்தில் இருந்த யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் சேர்ந்து பார்க்காமல் இருந்ததுதான் அவளுக்கு உறைத்தது.

க்வான்சா அவள் கைபேசியைக் கேட்டு வாங்கினார்.

"நாலு நிமிஷம் பன்னண்டு செகண்ட். என்ன பேசினீங்க?"

"அவனுக்கு மலேரியா. மாத்திரையப் பத்தி."

"நாலு நிமிஷம் மாத்திரை."

"சர்ச்சும்."

அவர் கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார். அன்று மாலை வாசல் காவலாளி, அனுமதிச் சீட்டு இல்லாமல் அவளை வெளியே விடக் கூடாது என்று தனக்கு உத்தரவு வந்திருப்பதாக மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னான். தினமும் அவள் கட்டிலில் வரிசைகட்டும் ஆட்டக்காரர்களில் இரண்டு பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் டாக்டரிடம் போனார்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்ட நடுக்கள வீரன் ஒருவன், 'ஒன்றுமில்லை சிஸ்டர், நன்றாக இருக்கிறேன்' என்று நொண்டிக்கொண்டே சொன்னான். தன் வலியும் காலையில் வானொலியில் வந்துவிடும் என்று பயந்திருக்கிறான்.

அதற்குள் அவளையும் அந்தச் சந்தேக நோய் பிடித்துக்கொண்டது. தான் சொல்லவில்லை என்றால் வேறு யார் சொல்கிறார்கள்? சிகிச்சை அறையில் திரை இழுத்துவிடப்பட்டிருப்பதுகூட வானொலியில் வந்துவிட்டதே. அறை பெருக்கும் பெண் ஏன் இன்று இரண்டு தரம் வந்தாள்? டிரைவர் ஏன் ஐஸ்மீன் கடையில் அவ்வளவு நேரம் நின்றான்? டாக்டர் யாருக்குச் செய்தி தட்டிக்கொண்டே இருக்கிறார்? க்வான்சாவே பேருந்துக்குப் பின்னால் நின்று யாரிடமோ வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதை அவள் பார்த்தாள். பழியை என்மேல் போட்டுவிட்டு இவரேதான் சொல்கிறாரோ? திரை விஷயம், வேலிக்கு வெளியே நின்ற எவனும் கண்ணால் பார்த்திருக்கக்கூடியது என்பது அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை காலை முகாம் வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கண்ணாடி அணிந்த, மெலிந்த வெள்ளைக்காரர் ஒருவர் கையில் அலுமினியப் பெட்டியோடு இறங்கினார். பூட்ஸ் கம்பெனியின் ஆள். பெட்டிக்குள் சரியான அளவில் மூன்று ஜோடி பச்சை பூட்ஸும் கால் அளக்கும் கருவியும் இருந்தன. வாசலில் இருந்த நாற்பது கேமராக்களும் அவரை நோக்கிப் பாய்ந்தன. அவர் பயந்துபோய்ப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். பத்து நிமிடத்தில் செய்தி வந்துவிட்டது: 'ஜெர்மனியிலிருந்து அறுவை நிபுணர் வருகை. கருவிகளுடன் முகாமுக்குள் ஓட்டம்.'

பகலில் சொந்த ஊரான தமலேயிலிருந்து வும்பினியின் அம்மா வீடியோ அழைப்பில் வந்தாள். சிகிச்சை அறையில் செனாம் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். தாயும் மகனும் அவளுக்குப் புரியாத தங்கள் மொழியில் பேசியதை அவன் பிறகு வார்த்தை விடாமல் அவளுக்குச் சொன்னான்.

"கால எடுக்கப் போறாங்களாமே!"

"யாரும் எடுக்கல. இதோ பாரும்மா, கால்."

"அது உன் காலா?"

"வேற யாரு காலு?"

"மொகத்தையும் காலையும் சேத்துக் காட்டு."

அவன் முழங்காலை மடக்கிப் பாதத்தைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"இன்னொரு கால்?"

அதையும் கொண்டுவந்தான்.

"கட்டு எதுக்கு?"

"நகம் போயிடுச்சு."

"நகம் போனதுக்கா வெள்ளக்கார டாக்டரு வந்தாரு? பக்கத்துல ஒரு கை தெரியுதே, யாரு அது? மெரட்டறாங்களா உன்ன? வாயத் தொறக்க வேணாம். மெரட்டறாங்கன்னா ஒரு தரம் இருமு."

வும்பினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான். அடக்கிய சிரிப்பு புரையேறி இருமலாகிவிட்டது. மறுமுனையில் அம்மா ஓவென்று அழுதாள், கைபேசி தரையில் விழுந்தது, பிறகு கூரை மட்டும் தெரிந்தது.

ஒரு மணி நேரத்தில் அந்த வீட்டு முற்றத்தில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு நிருபர்களும் கூடினார்கள். அம்மா சாப்பிட மறுக்கிறாள் என்று வானொலி சொன்னது. அது மட்டும் உண்மை. வும்பினி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இருபத்துமூன்று வயதுக்காரன், எண்பதாயிரம் பேர் முன்னால் பெனால்ட்டி அடித்தவன், புறங்கையால் மூக்கைத் துடைத்தான்.

"சொல்லிடுங்க சிஸ்டர். நான் சொன்னா எங்கம்மாவே நம்பல. ரேடியோ சொன்னா நம்புவாங்க. உங்க தம்பிதானே மொதல்ல சொன்னது? அவரே மாத்திச் சொல்லட்டும்."

செனாம் முதலில் க்வான்சாவிடம் போனாள்.

"அந்தம்மா காலையிலேர்ந்து சாப்பிடல சார்."

"கம்பெனிக்காரன் இன்னும் உள்ளதான் இருக்கான். அவன் காதுபட நகம்ங்கற வார்த்தைய எடுக்காதீங்க. ஞாயித்துக்கெழம வும்பினி ஓடுறதப் பாத்தா எல்லாம் தானா அடங்கிடும்."

"அது வரைக்கும் அந்தம்மா?"

"அவங்களுக்கு நாங்க ஆள் அனுப்பறோம்," என்றார். யாரையும் அனுப்பவில்லை.

மூன்று மணிக்கு, மைதானத்தின் பின்பக்கம், கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் செனாமும் அந்தப் பக்கம் எலிக்கெமும் நின்றார்கள். காலையிலிருந்து முகாம் வாசலில் நிருபர்களோடு நின்றிருந்தவனை அவளே அங்கே வரச் சொல்லியிருந்தாள். அவன் கன்னம் ஒட்டியிருந்தது, காய்ச்சல் இன்னும் முழுசாக விடவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கையில் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். அப்படிப் பார்த்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

"கேளு. கால் கட்டவிரல் நகம் போயிடுச்சு. புது பூட்ஸ் சின்னது, அது அழுத்தி. டாக்டர் எடுத்துட்டாரு. நான் கட்டுப் போட்டேன். ஞாயித்துக்கெழம ஆடுவான். அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு. அவங்கம்மா அங்க சாகாம சாகறாங்க. ரேடியோவுல சொல்லு."

எலிக்கெம் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"யாரு சொல்லச் சொன்னா?"

"என்ன?"

"க்வான்சாவா? என்கிட்ட இத சொல்லுன்னு உன்ன அனுப்பிச்சாரா?"

"அவருக்குத் தெரிஞ்சா என்ன வெளிய தள்ளிடுவாரு!"

"பன்னண்டு மூட்ட ஐஸ். ஜெர்மன்காரன். ரெண்டு நாளா திரை போட்ட ஜன்னல். எல்லாம் ஒரு நகத்துக்கா?"

"ஐஸ் மொத்த டீமுக்கும்டா. அந்தாளு டாக்டர் இல்ல, பூட்ஸ் கம்பெனிக்காரன். பொட்டியில பூட்ஸ் இருக்கு. பச்ச கலரு, மூணு ஜோடி."

"பொட்டிய நான் கண்ணால பாத்தேன் அக்கா. மருந்து வெக்கிற பொட்டி." அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "நீ பொய் சொல்லும்போது மட்டும்தான் இவ்வளவு வெவரமாப் பேசுவ. மூணு ஜோடியாம், பச்சையாம். சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன்."

"என் மொகத்தப் பாத்துட்டா இப்படிச் சொல்ற?"

"ஒன்ன அவங்க பயன்படுத்தறாங்க. எனக்குப் புரியுது. நீ என்ன பண்ணுவ, உன் வேல."

ஆறு மணிக்கு 'முதல் விசில்' சிறப்பு நிகழ்ச்சி வந்தது. முகாமிலிருந்து ஒரு கட்டுக்கதையை வெளியே தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று ஆரம்பித்தான் எலிக்கெம். என்ன கதை தெரியுமா, மக்களே? நகம்! கால் நகம்! கூட இருந்த மூன்று பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். எங்களை என்ன குழந்தைகள் என்று நினைத்தீர்களா என்று நேயர்கள் கொதித்தார்கள். ராத்திரிக்குள் ஜனங்கள் தங்கள் கால் கட்டைவிரலுக்குப் பெரிய பெரிய கட்டுப் போட்டுப் படம் எடுத்து அனுப்ப ஆரம்பித்தார்கள்.

தமலேயில் வும்பினியின் அம்மா அதையும் கேட்டாள். மகன் சொன்ன அதே பொய்யை ஊரே சிரிக்கிறது என்றால், அவனை யாரோ சொல்லவைத்திருக்கிறார்கள் என்பது உறுதியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை க்வான்சா செனாமிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். 'ரகசியக் காப்பை மீறியதால்' என்று ஆரம்பித்தது.

"நான் எதுவும் சொல்லலன்னு இப்ப சொல்ல முடியாது," என்றாள். "நேத்து சொன்னேன். ஆனா நேத்து மட்டும்தான். அதுக்கு முன்னாடி வந்த ஒண்ணும் என்கிட்டேர்ந்து போகல."

"நேத்து சொன்னவங்க முந்தாநாளும் சொல்லியிருப்பாங்கன்னுதான் நான் நெனப்பேன்," என்றார் அவர். "நீங்க என் எடத்துல இருந்தாலும் அப்படித்தான் நெனப்பீங்க."

அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள். கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. வும்பினி மட்டும், புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு முகாமுக்குள் அணிப் பேருந்து நிற்குமிடம் வரை வந்தான். நன்றாகத்தான் நடந்தான். "என்னாலதான் சிஸ்டர்," என்றான். "பூட்ஸாலதான்," என்றாள் அவள்.

ஹோவுக்குப் போகும் ட்ரோட்ரோவில் இடம் கிடைத்தது. சோகாகோப்பே பாலத்தருகே வண்டி நின்றபோது பெண்கள் ஜன்னலோரம் இறாலும் ஆபோலோ ரொட்டியும் நீட்டினார்கள். வண்டிக்குள் பேச்செல்லாம் அந்தக் கால்தான். முன்னிருக்கைக்காரர் காலை நேற்றே எடுத்துவிட்டார்கள் என்றார். கண்டக்டர், இல்லை, வும்பினி இந்நேரம் ஜெர்மனியில் இருக்கிறான், முகாமில் இருப்பது அவன் சித்தப்பா மகன், ஒரே ஜாடை என்றான்.

செனாமால் அடக்க முடியவில்லை. "நகம்தான் போச்சு. நான் பாத்தேன்."

வண்டி முழுக்கச் சிரித்தது.

"மேடம்," என்றான் கண்டக்டர் பரிதாபமாக, "படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. நீங்களுமா அந்த நகக் கூட்டத்துல சேந்துட்டீங்க?"

பின்சீட்டிலிருந்து ஒரு பெண்மணி, "எங்க பாத்தீங்க? யாரு காட்டினா? எதுக்குக் காட்டினாங்க?" என்று வழக்கறிஞர்போலக் கேட்டாள். செனாம் ஆபோலோவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். மிச்ச வழி முழுவதும் பக்கத்து இருக்கைக்காரர் தன் பையைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை வீட்டுப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் தொலைக்காட்சியில் பார்த்தாள். வும்பினி எழுபது நிமிடம் ஆடினான். ஒரு கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தான். அவன் தலையால் முட்டியது ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. அவன் ஓடுவதைப் பார்த்தால் எல்லாம் அடங்கிவிடும் என்றாரே க்வான்சா, ஒன்றும் அடங்கவில்லை. அறுந்த நரம்போடு நாட்டுக்காக ஆடிய வீரன் என்று பாதிப் பேர் கண்ணீர் விட்டார்கள். மாலியை ஏமாற்றச் சங்கமே கிளப்பிவிட்ட வதந்தி, அதற்கு ஒரு பிசியோ பெண்ணையும் வைத்திருந்தார்கள் என்று மீதிப் பேர் சொன்னார்கள். தமலேயில் அம்மா மட்டும் மகன் ஓடுவதைப் பார்த்த பிறகு ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தாள் என்று வும்பினி செய்தி அனுப்பினான்.

திங்கட்கிழமை மத்தியானம் எலிக்கெம் வந்தான். கையில் இலையில் கட்டிய வாச்சே சோறும் வறுத்த மீனும். அவள் தட்டு எடுத்துவந்து வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

"அக்கா, இப்ப எந்த வேலயும் இல்ல உனக்கு. பயமும் இல்ல. இப்பவாவது சொல்லேன். ஊசி போட்டுத்தானே ஆட வெச்சாங்க?"

செனாம் கையில் எடுத்த சோற்றை மறுபடி தட்டில் போட்டாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன், நீ சொல்லு. குதிகால்னு உனக்கு மொதல்ல யாரு சொன்னா?"

"அதெல்லாம் சொல்ல முடியாது. எங்க தொழில்ல..."

"நான் உன் அக்கா. சொல்லு."

அவன் மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேற ஒரு ஸ்டேஷன்ல, குதிகாலா இருக்குமோன்னு ஒருத்தன் கேட்டான். கேள்வியாத்தான் கேட்டான். நாங்க, குதிகால்னு தகவல் வந்திருக்குன்னு சொன்னோம். அவங்க எங்கள வெச்சு, உறுதியாயிடுச்சுன்னாங்க. அப்புறம் நாங்க அவங்கள வெச்சு உறுதின்னோம்."

"முகாம்லேர்ந்து?"

"யாரும் இல்ல."

"யாருமே?"

"நீ பேசினது மட்டும்தான். மாத்திரயப் பத்தி."

செனாம் எழுந்து ஜன்னலருகே போனாள். அறை பெருக்கிய பெண்ணையும் டிரைவரையும் டாக்டரையும் அந்த மூன்று நாட்களும் தான் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. டிரைவர் ஒருநாள் காலை வணக்கம் சொன்னபோது அவள் பதிலே சொல்லவில்லை.

"இத ரேடியோவுல சொல்லு," என்றாள்.

"சொன்னா என் வேல போயிடும்."

"என் வேல போயிடுச்சுடா."

அவன் கை கழுவினான். போகும்போது வாசலில் நின்று, "நெஜமா நகம்தானா?" என்றான். அவள் கதவைச் சாத்தினாள்.

ஆனால் செவ்வாய்க்கிழமை காலை அவன் சொன்னான். சமாளிக்காமல் சொன்னான். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. முகாமுக்கு நெருக்கமானவர் என்று நான் சொன்னது என் அக்கா. அவள் என் காய்ச்சலைப் பற்றித்தான் கேட்டாள். பிறகு அவள் உண்மையைச் சொன்னபோது நான் நம்பவில்லை. அது நகம்தான். பழைய வேலையைக் கேட்க மருத்துவமனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த செனாம் பையோடு கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள்.

முதல் நேயர் உடனே வந்தார். "தம்பி, உன்ன யாரு மெரட்டினா? பயப்படாம சொல்லு, நாங்க இருக்கோம்." இரண்டாவது நேயர், "அக்காவக் காப்பாத்த எப்படிப் பொய் சொல்றான் பாரு, நல்ல தம்பி," என்றார். மூன்றாவது ஆளை எடுப்பதற்குள் பாட்டு போட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் எலிக்கெமைக் காலை நிகழ்ச்சியிலிருந்து எடுத்து, பிற்பகல் மரண அறிவிப்புகள் வாசிக்கப் போட்டார்கள். இறந்தவர் பெயர், பிள்ளைகள் பெயர், அடக்கம் எந்த ஊரில், எந்த நிறத் துணி உடுத்தி வர வேண்டும். அங்கே எதையும் கூட்டிச் சொல்ல முடியாது. அவன் சங்கத்துக்கு ஒரு கடிதமும் எழுதினான். அதற்குப் பதில் வரவில்லை. நவம்பர் முகாமின் பட்டியலில் செனாமின் பெயர் இல்லை. கேட்டதற்கு டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நான் சொல்லிப் பாத்தேன். கடிதம் எழுதினது தம்பிதானே, வேற எப்படி எழுதுவான்னு கேக்கறாங்க." ஜெர்மனியில் வும்பினியின் கிளப், போனவுடனே அவன் குதிகாலை மூன்று தரம் ஸ்கேன் எடுத்துப் பார்த்தது.

செனாம் மறுபடி பழைய வார்டில் பக்கவாதக்காரர்களை நடக்கவைக்கிறாள். அவர்களில் ஒருவர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, யாருக்கும் சொல்ல மாட்டேன், அந்தக் கால் என்ன ஆச்சு என்று காதோடு கேட்டார். நல்லா ஆயிடுச்சு, நீங்க உங்க கால எடுத்து வைங்க என்றாள்.

எலிக்கெம் ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து கூப்பிடுகிறான். முன்பைவிட நிறையப் பேசுகிறான். அம்மாவைப் பற்றி, அறிவிப்பில் வந்த விசித்திரமான பெயர்களைப் பற்றி. போன வாரம், "ஏன்க்கா நீ ஒண்ணுமே பேச மாட்டேங்கற?" என்றான்.

"பக்கத்துல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. வீட்டுலதான் இருக்கேன்."

"மைக்?"

"அக்கா..."

அவள் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள். மறுமுனையில் ஒரு மின்விசிறியும் தெருவில் யாரோ கெங்கே சோள உருண்டை விற்கும் குரலும். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகுதான், இந்த வாரம் வார்டில் ஒரு கிழவர் ஆறு மாதத்துக்குப் பிறகு தானாக எழுந்து நின்றதைப் பற்றி, ஊரும் பேரும் விட்டுவிட்டு, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.